மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள்

இரண்டு கிட்டார், இரண்டு குரல் என்று பாடும் ஒரு குழு. முதல் ஆல்பம் நன்றாகப் போயிருக்கும். இரண்டாவதை மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் நடக்கும் கடைசி ஒலிச் சீரமைப்புக்கு) அனுப்பும்போது கூடவே ஒரு வரி வரும்: “இந்தத் தடவை பெரிசா கேக்கணும் சார், நல்லா லவுடா பண்ணிக் கொடுங்க.” திரும்பத் திரும்ப இதே வரி. அதை எழுதும் முன் தயவுசெய்து ‘ரயட் ஆன் அன் எம்ப்டி ஸ்ட்ரீட்’ ஆல்பத்தை ஹெட்ஃபோனில் முழுக்கக் கேளுங்கள்.

அதைப் பாடியது நார்வேயின் பெர்கன் நகரத்து இருவர் குழு கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ். ‘அமைதிதான் இனிப் புதிய சத்தம்’ என்ற பொருளில் 2001இல் அவர்கள் முதல் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு, அமைதியான கிட்டார் பாட்டுகளின் ஒரு அலைக்கே பெயராகிவிட்டது. 2004இல் இந்த இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் வந்தபோது பியானோ, வயோலா, டபுள் பேஸ் எல்லாம் சேர்ந்தன. இரண்டு பாட்டில் கனடாவின் ஃபைஸ்ட் பாடினார். எல்லாமே வேண்டிய இடத்தில் மட்டும். முதல் பாட்டு ‘ஹோம்சிக்’ கிட்டாரும் குரலுமாகவே ஓடுகிறது. ஊரே கவனிக்கும்போதும் சத்தத்தை ஏற்றாமல் பாட்டெழுத்தில் வளர்ந்தார்கள்; அந்த ஆல்பத்தின் முக்கியத்துவம் அங்கேதான் இருக்கிறது.

லவுட்னஸ் கணக்குக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் (காதில் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் -8இல் கொடுத்தால் 6 டெசிபெல் இறக்கிவிடும். கேட்பவருக்குக் கூடுதல் சத்தம் கிடைக்காது. சத்தத்தை ஏற்ற உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் செய்த சேதம் மட்டும் மிஞ்சும். விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் ‘டக்’ மழுங்கிப்போகும். வரிக்கு முன் இழுக்கும் மூச்சு, குரலுக்குக் கிட்டே வந்து நிற்கும். பின்னால் ஓடிய ஃபேன் இரைச்சலும் கூடவே வரும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் பாட்டுக்குப் பாட்டு உள்ள ஏற்ற இறக்கத்தை ஸ்பாட்டிஃபை அப்படியே விட்டுவிடுகிறது. அமைதியான பாட்டு அமைதியாக இருக்கட்டுமே!

“மெலிசா இருக்கு” என்பது பெரும்பாலும் சத்தக் குறைவே அல்ல. இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில் ஒரே கார்டை அடிப்பதால் வரும் கலங்கல் அது. டி ஸ்கேல் பாட்டா? ஒருவர் திறந்த டி கார்டில் வாசியுங்கள்; மற்றவர் ஏழாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டையில்) கேப்போ, அதாவது தந்திகளை அழுத்தும் கவ்வி, போட்டு ஜி ஷேப் பிடியுங்கள்; அதே டி கார்டு மேலே ஒலிக்கும். கேப்போ அழுத்தத்தில் தந்திகளின் சுருதி லேசாக விலகி ஏறிவிடும். போட்டபின் கட்டாயம் மறுபடி சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிட்டாரில் நைலான் தந்தி, மற்றதில் ஸ்டீல் என்றால் இன்னும் நல்லது.

மைக்கை கிட்டாரின் சவுண்ட் ஹோலுக்கு (நடு ஓட்டைக்கு) நேராக வைக்காதீர்கள், 100 ஹெர்ட்ஸ் பக்கம் குமுறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்த்து 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். மைக் கிட்டாரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் அடுத்தவர் மைக் அந்த மைக்கிலிருந்து 90 செ.மீ. தள்ளியாவது இருக்கட்டும். குரல்களைத் தனித்தனி நாளில் பாடி ஒட்டாதீர்கள். வல்லின எழுத்துகள் முன்னே பின்னே விழுந்தால் எந்த பிளக்இன் மென்பொருளும் காப்பாற்றாது. ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும் மிக்ஸின் உச்ச அளவு (பீக்) -6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா டிராக்கும் சேரும் கடைசித் தடத்தில்) போட்ட லிமிட்டரைக் கழற்றிவிட்டு 24 பிட் வேவ் ஃபைலாக அனுப்புங்கள். எம்பி3 அனுப்பாதீர்கள்.