பசும்பால் ஒவ்வாமை: சொல் விளக்கம்

பேச்சுவழக்கில் 'அலர்ஜி' எனப் புழங்கும் சொல்லை 1906-இல் ஆக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. 'வேறு' எனப் பொருள்படும் அல்லோஸ், 'செயல்' எனப் பொருள்படும் எர்கோன் ஆகிய கிரேக்கச் சொற்களை இணைத்து, ஒரு பொருள் உடலுக்குள் புகுந்தபின் அதற்கு உடல் காட்டும் எதிர்வினை மாறிவிடுவதை அவர் குறித்தார். தமிழில் நிலைபெற்றுவிட்ட 'ஒவ்வாமை', பொருந்துதலைச் சுட்டும் 'ஒவ்வு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயர். நல்ல சொல்தான், ஆனால் 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்பதையெல்லாம் அதற்குள் அடக்கிவிடும்போது குழப்பம் நேர்கிறது.

பசும்பால் ஒவ்வாமை என்பது கேசீன், பீட்டா-லாக்டோகுளோபுலின் முதலிய பால் புரதங்களைப் பகையாகக் கருதி நோயெதிர்ப்பு மண்டலம் தாக்குவதாகும். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோசைச் சிதைக்கும் லாக்டேஸ் நொதி குறைவதால் வயிறு உப்பிக் கழிவது வேறு. அதனைப் 'பால்சர்க்கரை செரியாமை' என்பதே பொருத்தம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருப்பதால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது தீங்கானது. ஆட்டுப்பாலும் மாற்றாகாது, ஏனெனில் அதன் புரதங்கள் பசும்பால் புரதங்களைப் பெரிதும் ஒத்தவை.

பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவதும் தோலில் தடிப்புகள் எழுவதும் ஐஜிஇ (IgE) என்னும் எதிர்ப்பொருளால், அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் ஒரு புரதத்தால், விளையும் உடனடி வகை. மூச்சுத்திணறலோ மயக்கமோ சேர்ந்தால், தாமதமின்றி எபிநெஃப்ரின் ஊசி செலுத்தவேண்டும். மலத்தில் இரத்த இழை, தொடர் வாந்தி போன்றவை பல மணி நேரமோ ஓரிரு நாட்களோ கழித்துத் தோன்றுவது தாமத வகை. முன்னதற்குத் தோல் குத்துச் சோதனையும் இரத்தச் சோதனையும் துணைபுரியும். எனினும் அவை காட்டுவது உணர்திறனை, அதாவது பால் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ உடலில் உருவாகியிருப்பதை மட்டுமே. ஆகவே அவற்றை அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்காமல் நோயை முடிவுசெய்வது தவறு. பின்னதற்கு அச்சோதனைகள் உதவா. பாலை இரண்டு முதல் நான்கு வாரங்கள் நிறுத்தி, மருத்துவர் கண்காணிப்பில் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே வழி.

சிகிச்சை என்பது பால் புரதத்தை விலக்குவதே. தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை, தேவைப்பட்டால் தாய் தம் உணவில் பாலைத் தவிர்த்து, சுண்ணாம்புச்சத்தை வேறு வழியில் ஈடுசெய்துகொள்ளலாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புரதம் பெரிதும் சிதைக்கப்பட்ட பால்மாவும், அதுவும் ஏற்காதபோது அமினோ அமிலப் பால்மாவும் உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளரும்போது இது நீங்கிவிடுகிறது. எனவே மருத்துவர் குறித்த இடைவெளியில் மறுபரிசோதனை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பாலை விலக்கி வைப்பதும் சரியன்று.