ஏற்காட்டு ஓடையில் ஒரு சிவப்புப் பாசி

"காப்பித் தோட்டத்து ஓடைக் கல்லில் வழவழவென்று ஒரு பாசி. சிவப்புப் பாசி என்கிறார் எங்கள் பேராசிரியர், நிறமோ கரும்பச்சை. இது புது இனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" ஏற்காட்டு மாணவி ஒருவரின் கேள்வி.

பேராசிரியர் சொல்வது நடக்கக்கூடியதுதான். சிவப்புப் பாசிகளில் 7,000 இனங்களுக்கு மேல் உண்டு. ரமலான் மாதம் நாம் காய்ச்சும் 'கடல்பாசி'க்கு மூலமான மரிக்கொழுந்துப் பாசியைப் போல, பெரும்பாலானவை கடல்வாசிகள். சில மட்டும் நிழல் விழும் குளிர்ந்த ஓடைகளில் வளரும், பேட்ரகோஸ்பெர்மம் அப்படிப்பட்டது. நன்னீரில் இவை பெரும்பாலும் பச்சையோ பழுப்போதான்.

வெளித்தோற்றத்தை நம்ப முடியாது. வெளிச்சமும் நீரோட்டமும் அதை மாற்றிவிடும். பார்க்க வேண்டியது பெண் உறுப்பை.

சிவப்புப் பாசியின் ஆண் செல்லுக்கு நீந்தக் கசையிழை கிடையாது. தண்ணீர் இழுத்த இழுப்புக்குப் போகும். பெண் செல்லோ 'ட்ரைகோகைன்' என்ற நீட்சியை வெளியே நீட்டிக் காத்திருக்கும். ஆண் செல் அதில் ஒட்டினால் உட்கரு உள்ளே இறங்கும். ஓடுகிற நீரில் இது எவ்வளவு அரிய வாய்ப்பு! அதனால்தானோ என்னவோ, கருவுற்ற செல் தாயை விட்டுப் போவதில்லை. அங்கேயே இழைகளாகக் கிளைத்து, நுனிதோறும் வித்துகளை உண்டாக்குகிறது. ஒரே கருவுறுதலில் எத்தனையோ வாரிசுகள். பேட்ரகோஸ்பெர்மத்தில் அந்த வித்து முளைத்தால் வருவது தாயின் சாயலே இல்லாத நுண்ணிழை. அதை வேறொரு பேரினம் என்றே முன்பு நினைத்தார்கள். அதன் நுனிச் செல்லில் குன்றல் பிரிவு (குரோமோசோம்கள் பாதியாகும் செல் பிரிவு) நடந்த பிறகே பழைய வடிவம் திரும்புகிறது.

ட்ரைகோகைன் குண்டாந்தடி வடிவமா, ஈட்டி வடிவமா? அதைத் தாங்கும் கிளை நேரானதா, முறுக்கியதா? இனங்களைப் பிரிப்பவை இவைதாம். பிறகு பசுங்கணிகத்தில் உள்ள ஆர்.பி.சி.எல். (rbcL) என்ற மரபணுவை உறவினங்களோடு ஒப்பிட வேண்டும். இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரியை, அதாவது வகைமாதிரியை, உலர்தாவரகத்தில் (ஹெர்பேரியம்) வைத்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரித்து வெளியிட்டால்தான் பெயர் செல்லும். 2012-க்கு முன் லத்தீன் கட்டாயம்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, நல்லது. ஓடைப் பாசிகளுக்கும் அப்படி ஒரு கவனிப்பு வேண்டும். எம்.ஓ.பி. ஐயங்கார் பாசியியலை வளர்த்த தமிழ்நாட்டில், வகைப்பாட்டு ஆய்வைப் பழைய வேலை என்று ஒதுக்கி நிதி மறுப்பது எனக்குப் பெரும் தவறாகப் படுகிறது.

மாணவிக்கு: மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் மறுபடி போய்ப் பாருங்கள். கொஞ்சமாக எடுத்து, ஒரு பகுதியைத் தாளில் ஒட்டி உலர்த்துங்கள். ஒரு பகுதியை டி.என்.ஏ.வுக்காக சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். மிச்சத்தை ஃபார்மலினில் வைத்து, நுண்ணோக்கியில் முதலில் ட்ரைகோகைனைத் தேடுங்கள்.