பனை ஓலையின் நுனி ஏன் கிழிகிறது?

விருந்து மேசையில் யார் எந்தக் கதிரையில் அமர்வது என்று சொல்லும் சிறு அட்டைதான் பெயரட்டை. நடுவில் மடித்துக் கூடாரம்போல நிற்கவைப்பார்கள். மடிப்புக்கு மேலே தாளில் வெட்டிய ஒரு பனை தலைநீட்டினால், பெயரை வாசிக்கும் முன்பே விழா எந்த மண்ணில் நடக்கிறது என்று தெரிந்துவிடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு கலியாண வரவேற்பு, சாமத்தியவீடு, பாடசாலைப் பரிசளிப்பு என்றால் இப்படி அறுபது அட்டை தேவைப்படலாம். கத்தரிக்கோலால் ஒரு பனையை அழகாக வெட்டலாம். அறுபதை வெட்டப் போனால் இருபதாவதிலேயே ஓலை மொட்டையாகிவிடும். அந்த இடத்தில்தான், கணினியில் வரைந்த உருவத்தைச் சிறு பிளேட்டால் தாளில் வெட்டும் கிரிகட், சிலுவெட் போன்ற வீட்டு இயந்திரங்கள் உதவிக்கு வருகின்றன.

இயந்திரத்திலும் ஓலை நுனி கிழியும். உடனே எல்லோரும் பிளேட்டைக் குறைசொல்வார்கள்; புதுசு வாங்கிப் போடுவார்கள்; மறுபடியும் கிழியும். பிளேட் மழுங்குவது உண்மைதான். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது, பிளேட்டுக்கு அடியில் தாள் அசைவது. ஏன் அசைகிறது என்று விளங்க, பிளேட் எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கோடு போட இந்த இயந்திரத்துக்குள் இரண்டே அசைவுகள்தான். பிளேட் பூட்டிய தலை இடம் வலமாக ஓடும். தாளை ஒட்டிய பாயை, அதாவது மேலே பசை பூசிய விரிப்பை, உருளைகள் முன்னும் பின்னும் இழுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் அசைந்தால் சாய்கோடு. வேகத்தை மாற்றிக்கொண்டே அசைந்தால் வளைவு. கணினி அனுப்பும் வளைவு உண்மையில் மிகச் சிறிய நேர்கோடுகளின் சங்கிலி. தாள் வெட்டும் சாதாரண பிளேட்டைத் திருப்ப என்று தனி மோட்டர் எதுவும் கிடையாது. பிளேட் தன் கூட்டுக்குள் தன்பாட்டில் சுழலும்.

ஆஸ்பத்திரிக் கட்டில் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். சக்கரம் தண்டுக்கு நேர் கீழே இராது, சற்றுப் பின்தள்ளி இருக்கும். கட்டிலை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் இழுபட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். பிளேட்டின் முனையும் அப்படித்தான், சுழலும் அச்சிலிருந்து சற்று விலகி இருக்கிறது. பல பிளேட்டுகளில் இந்த விலகல் 0.25 மில்லிமீற்றர், சிலவற்றில் 0.9 வரை போகும். நேர்கோட்டிலும் அகன்ற வளைவிலும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கூர்மூலைதான் சிக்கல். அச்சு மூலைக்கு வந்துவிட்ட நேரத்தில் முனை இன்னும் பின்னால் நிற்கும். ஆகவே இயந்திரம் மூலையைக் கொஞ்சம் தாண்டிப் போய், முனையைத் தாளுக்குள் வைத்தபடியே ஒரு சிறு வில் போட்டுத் திரும்பி, அதன்பின் அடுத்த கோட்டைத் தொடங்குகிறது. மென்பொருளில் விலகல் அளவு குறைத்துப் போடப்பட்டிருந்தால் மூலைகள் உருண்டுபோகும். கூட்டிப் போடப்பட்டிருந்தால் மூலைக்கு மூலை சின்னக் கொம்பு முளைக்கும். வெட்டிய சதுரத்தின் ஒரு மூலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எந்தப் பக்கம் பிழை என்று தெரியும்.

இனி ஓலைக்கு வருவோம். ஒவ்வொரு ஓலை நுனியிலும் பிளேட் போய், தாளுக்குள் முனையைக் குத்திவைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வருகிறது. அந்த நுனி 1 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் நீளமும் என்றால், அதைப் பாயில் பிடித்து வைத்திருப்பது 3 சதுர மில்லிமீற்றர் பசை மட்டுமே. பிளேட் முறுக்கும்போது அந்தத் துணுக்கும் சேர்ந்து முறுகும், ஒரு பக்கம் எழும்பும். எழும்பியதைப் பிளேட் வெட்டாது, இழுக்கும். கிழிவது இங்கேதான்.

எனவே முதல் வைத்தியத்தைப் படம் வரையும்போதே செய்ய வேண்டும். நிசப் பனையோலையின் பிளவுகளை எண்ணி அத்தனையையும் வரைய ஆசைப்படாதீர்கள். 3 சென்ரிமீற்றர் உயரப் பனைக்கு, தலையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு விரல்கள் போதும். விரல் எங்கும் 1.5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. விரல்களுக்கிடையே 2 மில்லிமீற்றர் விடுங்கள். நுனிகளையும் உள்மூலைகளையும் 0.5 மில்லிமீற்றர் ஆரத்துக்கு உருட்டிவிட்டால் பிளேட் குத்தி நின்று திரும்பத் தேவையில்லை, வளைந்தபடியே போய்விடும். கண்ணுக்கு அந்த உருட்டல் தெரியாது. தாமரை, நெற்கதிர், மயில் என்று எந்த உருவமானாலும் கணக்கு இதுதான். தாமரை இதழ் எல்லாவற்றிலும் சுலபம், மயில்தோகை எல்லாவற்றிலும் தொல்லை.

அடுத்தது தாள். ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிரிஸ்டல் போர்ட்டில் தடிப்பு அளவு எழுதியிராது. அதைத் தராசால் கண்டுபிடிக்கலாம். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. ஏ4 அளவில் நான்கு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்து, வரும் கிராமை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரின் எடை வந்துவிடும். 60 கிராம் காட்டினால் அது 240 கிராம் தாள். பெயரட்டைக்கு 200 முதல் 250 வரை நல்லது. 160 மலிவுதான், ஆனால் பனை தலைசாயும். ஒரே வகைத் தாளின் விறைப்பு தடிப்பின் மும்மடியாகக் கூடுகிறது. 160க்குப் பதில் 240 எடுத்தால் தடிப்பு ஒன்றரை மடங்கு, விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல்.

தாளுக்கு நார்வாக்கு உண்டு, மரத்தில் ரேகை ஓடுவதுபோல. ஆலையில் கூழ் ஓடும் திசையில் பெரும்பாலான நார்கள் படுத்துக்கொள்கின்றன. நார்வாக்கில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து விளிம்பு பிசிறும். வாக்கைக் கண்டுபிடிக்க, 5 சென்ரிமீற்றர்ச் சதுரத் துண்டொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாக்குத்தான் நார்வாக்கு. நார் நனைந்தால் நீளத்தில் அல்ல, பருமனில்தான் அதிகம் ஊதும். அதனால்தான் இப்படிச் சுருள்கிறது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மடிப்பு நேராக விழ நார் மடிப்போடு சேர்ந்து கிடையாக ஓட வேண்டும். பனையின் தண்டு விறைத்து நிற்க நார் நிமிர்ந்து ஓட வேண்டும். இரண்டும் ஒரே தாளில் நடக்காது. பனை 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாவிட்டால் மடிப்பின் பக்கம் நில்லுங்கள், தண்டை மட்டும் 6 மில்லிமீற்றராக அகட்டிவிடுங்கள். அதைவிட உயரமான பனை வேண்டுமென்றால் நாரை நிமிர்த்தி, மடிப்புக்கோட்டை இரண்டு முறை அழுத்திப் போடுவதே வழி. பெரிய போர்ட்டிலிருந்து நாமே ஏ4 வெட்டுவதால் எந்த வாக்கும் நம் கையில்தான்.

அளவு இப்படி. விரித்த அட்டை 9 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் உயரம். மடித்தால் 5 சென்ரிமீற்றர் உயரக் கூடாரம். 10 சென்ரிமீற்றர்ப் பக்கத்தை ஏ4 தாளின் குறுக்கே வைத்தால் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, ஆக ஒரு தாளில் ஆறு. மாற்றி வைத்தால் நான்குதான் கொள்ளும். 60 அட்டைக்கு 10 தாள், பரீட்சைக்கும் பழுதுக்கும் 2 தாள். அட்டைகளுக்கிடையே 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் பக்கத்து வெட்டு இதன் விளிம்பையும் கிளப்பும்.

பனையின் உருவம் பின்பாதியிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. தண்டின் அடி மட்டும் மடிப்புக்கோட்டில் முன்பாதியோடு ஒட்டியிருக்கும். மடிக்கும்போது பின்பாதி கீழே போக, பனை முன்பாதியோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்கும். மடிப்புக்கோட்டை 9 சென்ரிமீற்றருக்கும் முழுதாகப் போட்டுவிடுவது வழக்கமான தவறு. அப்படிப் போட்டால் தண்டின் அடியிலும் தடம் விழுந்து பனை பின்பக்கம் சாயும். கோடு தண்டுக்கு இருபுறமும் 42 மில்லிமீற்றர் வீதம் இரண்டு துண்டாக இருக்க வேண்டும்.

மடிப்புக்கோட்டை வெட்டுவதில்லை, அழுத்துவதுதான். அழுத்தத்தில் தாளின் உள்ளடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று சற்றுப் பிரிகின்றன. தடித்த ஒரே தாள் மடிவதற்குப் பதில் மெல்லிய பல அடுக்குகள் தனித்தனியே வளைவதால் வெளித்தோல் வெடிப்பதில்லை. பள்ளம் விழுந்த பக்கம் வெளியேயும், மேடு தட்டிய பக்கம் உள்ளேயும் வர மடியுங்கள். அழுத்துவதற்கான கருவி உங்கள் இயந்திரத்தோடு வரவில்லையா? மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவைப் பேனா பூட்டும் இடத்தில் பூட்டினால் அதே வேலை நடக்கும்.

வெட்டும் ஒழுங்கும் முக்கியம். முதலில் மடிப்புக்கோடுகள், பிறகு பனை, கடைசியில்தான் வெளிவிளிம்பு. வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் அட்டை தாளிலிருந்து விடுபட்டு, பனையை வெட்டும்போது மெல்ல நகரும். வேலை தொடங்கும் முன் எப்போதும் 1 சென்ரிமீற்றர்ச் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் வெட்டிப் பாருங்கள். முக்கோணம் தானாகக் கழன்று வர வேண்டும்; பாயில் மெல்லிய கீறல் மட்டும் தெரிய வேண்டும். வெட்டுப் போதாவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாமல், அதே கோட்டில் இரண்டாம் முறை ஓடவிடுங்கள். அழுத்தம் கூடினால் பிளேட் தாளைத் தள்ளும், நாம் விலக்கப் பார்த்த அசைவு திரும்ப வந்துவிடும்.

வன்னியின் காலநிலைக்கு வருவோம். தாள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமானால் தாளின் எடையில் சுமார் 6 முதல் 8 சதவீதம் நீர்; 80ஐத் தாண்டினால் அது 10க்கு மேல் போகும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நார்கள் மெதுமெதுத்து பிளேட்டோடு இழுபடும், வெட்டு விளிம்பு பஞ்சுபோலப் பிசிறும், தாளின் ஓரங்கள் பாயிலிருந்து எழும்பும். ஆடி, ஆவணிச் சோளகத்தில் நேர்மாறு: தாள் காய்ந்து, மடிப்பில் வெடிக்கும். மாரியில் தாளைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, வெட்டும்போது மட்டும் எடுங்கள். கோடையில் மடிப்பதை மட்டும் விடியற்காலைக்குத் தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கோடையில் இன்னொரு எதிரி செம்மண் தூசு. பசைப் பாயில் தூசு படிந்தால் பிடிப்புப் போய்விடும். தாள் அசைவதற்கு முதல் காரணமே இதுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரலால் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் நிழலில் உலரவிடுங்கள். துவாயால் துடைத்தால் நூல் ஒட்டும். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்ததாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தங்கும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ எடுங்கள். வேலை முடிந்ததும் பாயோடு வந்த மேல்தாளால் பாயைத் திரும்ப மூடிவிட வேண்டும். புதுப் பாய்க்கு இதற்கு எதிரான குணம்: தாளை விடாது. சுத்தமான பருத்திச் சட்டையை இரண்டு முறை அதன்மேல் அழுத்தி எடுத்தால் சாந்தமாகிவிடும். வெட்டிய அட்டையைப் பாயிலிருந்து உரிக்காதீர்கள், சுருளும். பாயைக் கவிழ்த்து வைத்து, பாயை வளைத்து அட்டையிலிருந்து பிரியுங்கள்.

பெயர்களுக்கு வருவோம். தமிழ் எழுத்தை வெட்டுவது ஆங்கிலத்தைப்போல இலேசல்ல. 'பெரியம்மா' என்பதை எடுங்கள். யூனிகோட்டில் பகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னும்தான் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. வெட்டும் மென்பொருள் சிலவற்றுக்கு அது தெரியாது, கொம்பு பின்னால் தொங்கும். பாமினி எழுத்துருவில் இந்தத் தொல்லை இல்லை, அதில் கொம்பை நாமே முதலில் தட்டுகிறோம். யூனிகோட்டில்தான் செய்வதென்றால் இங்க்ஸ்கேப் என்னும் வரைதல் மென்பொருளில் தட்டச்சுச் செய்து, எழுத்தைப் பாதையாக, அதாவது பிளேட் பின்தொடரும் வெளிக்கோடாக, மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதிகளை ஒன்றாக்கி, எஸ்விஜி என்னும் கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். ஒன்றாக்காவிட்டால் மேலேறிய இடத்தில் பிளேட் குறுக்கே வெட்டிவிடும்.

எழுத்தை ஓட்டையாக வெட்டினால் க, வ, ண முதலியவற்றின் சுழிக்குள் இருக்கும் தாள் உதிர்ந்துவிடும். மூன்றுசுழி ணகரம் வெறும் பொந்தாகிவிடும். எழுத்தையே தனியாக வெட்டி ஒட்டினால் புள்ளி கழன்று பறக்கும். 'பெரியம்மா'வில் கொம்பும் புள்ளியும் காலும் சேர எட்டுத் துண்டுகள். அடியில் 2.5 மில்லிமீற்றர்ப் பட்டையொன்றை ஓடவிட்டு, எழுத்துகளின் பாதம் அதில் அரை மில்லிமீற்றர் புதையும்படி வைத்து ஒன்றாக்கலாம். புள்ளிக்கு 1 மில்லிமீற்றர்ப் பாலம் போட வேண்டும். இயந்திரத்தில் பேனா பூட்டி எழுதவைத்தாலும், சாதாரண எழுத்துரு வெறும் வெளிக்கோடு ஆகையால் எழுத்து உள்ளீடற்று இரட்டைக் கோடாக வரும். பனையை இயந்திரம் வெட்டட்டும், பெயரைக் கையெழுத்து அழகான ஒருவர் எழுதட்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம். மடிப்பதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

கரண்ட் போனால் மடிகணினி பற்றரியில் ஓடும், இயந்திரம் நின்றுவிடும். திரும்ப வந்ததும் பாதி வெட்டிய இடத்தை அது நினைவில் வைத்திருக்காது. பாயை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றினால் கோடு அரை மில்லிமீற்றர் தள்ளிப்போகலாம், ஓலையைக் கெடுக்க அது போதும். அறுபதையும் ஒரே வேலையாக அனுப்பாமல் தாளுக்குத் தாள் அனுப்பினால் இழப்பு ஆறு அட்டையோடு நிற்கும்.

மண்டபத்தில் மின்விசிறி இருக்கிறது. இந்த அட்டை 240 கிராம் தாளில் 2 கிராம்தான் வரும்; விசிறி முழு வேகத்தில் சுழன்றால் பறக்கும். பின்பாதியின் அடியில், உள்பக்கமாக, இருபக்கப் பசைநாடாவால் ஒரு கூழாங்கல்லை ஒட்டிவிடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கல் தெரியாது.