மேலிழுப்பா, ஏற்றா?

‘மேலிழுப்பு மின்தடை.’ புல்-அப் ரெசிஸ்டருக்குத் தமிழாம், அதாவது சிக்னல் கம்பியை சப்ளை வோல்ட்டேஜுக்கு ஏற்றிவைக்கும் ரெசிஸ்டருக்கு. போன வாரம் மட்டும் மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். இழுப்பு என்றால் நமக்கு மூச்சிரைப்பு. மின்தடை என்றால் கரண்ட் போவது. இரண்டையும் ஒட்டினால் என்ன பொருள் வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை போலும்.

புல் என்றால் இழு, அப் என்றால் மேலே. ஆங்கிலத்தில் அவ்வளவுதான். சர்க்யூட் படத்தில் சப்ளை மேலே இருக்கும், தரை (ஜீரோ வோல்ட்) கீழே.

பிலிப்ஸ் 1982-இல் கொண்டுவந்த ஐ2சி பஸ்ஸைப் பாருங்கள், சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பி அது. டேட்டா, கிளாக் என்று இரண்டே கம்பி. அதில் மாட்டிய சிப், கம்பியைத் தரைக்கு இறக்கும். பிறகு கையை விட்டுவிடும். ஏற்றுவது அதன் வேலை இல்லை. கம்பியிலும் சிப்பின் கால்களிலும் உள்ள கெப்பாசிட்டன்ஸை (சார்ஜ் தேங்கும் இடத்தை) சப்ளையிலிருந்து மெல்ல நிரப்பி, கம்பியை ஏற்றிவிடுவது இந்த ரெசிஸ்டர்தான். இதில் இழுப்பு எங்கே வந்தது?

சொல்தானே என்று விடவும் முடியவில்லை. என்னிடம் வேலை பழகிய பையன், ‘இழுப்பு போதவில்லை’ என்று 4.7 கிலோ ஓமை எடுத்துவிட்டு 47 கிலோ ஓம் வைத்தான். ‘மின்தடை’ கூடினால் ‘மேலிழுப்பு’ம் கூடும் என்பது அவன் கணக்கு. நடப்பது நேர் எதிர்: ஓம் கூடக் கூட கரண்ட் குறைந்து ஏற்றம் மந்தமாகும். 100 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் உள்ள கம்பியில் 4.7 கிலோ ஓம் என்றால் சுமார் 0.4 மைக்ரோ செகண்டில் ஏறும். 47 என்றால் 4. ஐ2சி-யின் நூறு கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கே ஏறும் நேரத்தின் வரம்பு 1 மைக்ரோ செகண்ட்தான். ஸ்கோப்பில் சதுர அலையைக் காணோம். மெல்ல வளைந்து ஏறி, சட்டென்று விழும் மணல்மேடுதான் வரிசையாக. அதற்காக ஓமை இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. நூறு கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் சிப் 3 மில்லியாம்பியர் வரை தாங்கினால் போதும் என்பது விதி, 3.3 வோல்ட்டில் ஒரு கிலோ ஓமுக்குக் கீழே போனால் கம்பியைச் சரியாக இறக்க முடியாமல் திணறும்.

என் சொல் ‘ஏற்றுதடையி’. புல்-டவுனுக்கு ‘இறக்குதடையி’. ஏற்றுமதி, இறக்குமதி என்று இந்தச் சோடி எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது. தடையி இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல். ரெசிஸ்டன்ஸ் தடை, ரெசிஸ்டர் தடையி என்று பொருளும் பண்பும் அங்கே தனித்தனி. இங்கே சிலர் எழுதும் ‘தடையம்’ ஒரு எழுத்து பிசகினால் போலீஸ் தேடும் தடயமாகிவிடும். நடுவில் ‘த்’ போடாதீர்கள், ஏற்றுதடையி வினைத்தொகை.

பஸ்ஸை மட்டும் பஸ் என்றே விட்டிருக்கிறேன். அதற்குப் ‘பாட்டை’ என்று எழுதுகிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடலாம்.