‘லாங்குவேஜ் அக்விசிஷன்’: கையகப்படுத்தலா, பேறா, ஈட்டலா?

குழந்தை மொழி வளர்ச்சி பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘மொழி கையகப்படுத்தல்’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘அக்விசிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நின்ற பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த பிழை இது. கை, அகம், படுத்து என்று பிரித்துப் பாருங்கள். இன்னொருவரிடம் இருந்ததைத் தன் கைக்குள் கொண்டுவருவது என்பதுதான் பொருள். நிலத்துக்கும் நிறுவனத்துக்கும் அது சரியாகப் பொருந்தும். குழந்தை மொழியைப் பெறும்போது யாரும் எதையும் இழப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அத்’ என்பது ‘நோக்கி’ என்று திசை காட்டும் முன்னொட்டு. ‘குவைரரே’ என்றால் தேடுதல். இரண்டும் சேர்ந்து, தேடிச் சேர்த்தல் என்ற பொருள் பிறந்தது. ‘கொஸ்டின்’, ‘இன்குவயர்’ ஆகிய சொற்களும் இதே வேரில் முளைத்தவை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லை, குழந்தை தன் தாய்மொழியைப் பெறுவதற்கு மொழியியலார் பிற்காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். ‘லேர்னிங்’ என்ற சொல் கையில் இருக்க இன்னொன்று எதற்கு? அமெரிக்க மொழியியலறிஞர் ஸ்டீபன் கிராஷன் இரண்டையும் கறாராகப் பிரித்தார். விதியை அறிந்து, பயின்று, பிழை திருத்தித் தேர்வது கற்றல். புழக்கத்தில் இருந்தபடியே, விதி இன்னதென்று சொல்லத் தெரியாமலே மொழி வசப்படுவது அக்விசிஷன். ஆகவே ‘மொழி கற்றல்’ என்று மொழிபெயர்த்தாலும் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

மிஞ்சும் போட்டி பேறுக்கும் ஈட்டலுக்கும்தான். பெறு என்பதன் முதலெழுத்து நீண்டு பேறு ஆனது. கெடு கேடு ஆனதைப் போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. ‘மொழிப்பேறு’ சொல்ல இனிமையானது, குறையில்லாத தமிழ். ஆனால் அதில் குழந்தை வாங்கிக்கொள்வது மட்டும்தான் தெரிகிறது. ஈட்டல் அப்படியல்ல. ஈண்டு என்றால் ஒன்றுகூடு. மெல்லினம் வல்லினமாகி அது ஈட்டு என்று பிறவினை ஆகிறது, திருந்து திருத்து ஆவதைப் போல. ‘இயற்றலும் ஈட்டலும்’ என்று தொடங்கும் 385ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ஈட்டலை ஒருவழித் தொகுத்தல் என்கிறார். சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது என்று பொருள்.

குழந்தை செய்வது இந்த வேலையைத்தான். பாதத்தைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற சொல்லின் பன்மையை ஆங்கிலக் குழந்தை ஒன்று முதலில் ‘ஃபீட்’ என்று சரியாகச் சொல்லும், முழுச் சொல்லாகக் கேட்டதை அப்படியே சொல்வதால். சில மாதங்களில் அதே குழந்தை ‘ஃபுட்ஸ்’ என்று சொல்லத் தொடங்கும். பெற்றோர் பதறுவது இந்த இடத்தில்தான், ஆனால் பின்னடைவு எதுவும் நேரவில்லை. கேட்ட பல பன்மைச் சொற்களிலிருந்து ‘ஸ்’ என்ற விகுதியைப் பிரித்தெடுத்து, அது எங்கும் செல்லும் என்று குழந்தை கணக்குப் போட்டிருக்கிறது. ‘ஃபுட்ஸ்’ என்ற வடிவம் வீட்டில் எந்தப் பெரியவரும் தந்ததல்ல. வெறுமனே பெற்றுக்கொள்ளும் குழந்தை அதைச் சொல்லியிருக்காது. விதிவிலக்குகள் தனியே பதிந்த பிறகு ‘ஃபீட்’ தானாகத் திரும்பி வரும்.

1958இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ இதைச் சோதித்தார். இல்லாத ஓர் உயிரியின் படத்தைக் காட்டி, இது ‘வக்’, இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன என்று 4 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் கேட்டார். அதுவரை கேட்டறியாத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலோர் ‘வக்ஸ்’ என்று பன்மை சொன்னார்கள். ‘கிளாஸ்’ என்பதற்குக் ‘கிளாஸஸ்’ என்று சரியாகச் சொன்னவர்களில் பலர், ‘டாஸ்’ என்ற புதுச்சொல்லுக்குப் பன்மை கேட்டபோது ‘டாஸ்’ என்றே நிறுத்திவிட்டார்கள். ஒரே பன்மையில் ‘ஸ்’ சேர்வது விதியாகவும் ‘அஸ்’ சேர்வது மனப்பாடமாகவும் இருப்பதை இந்த விடை காட்டிக்கொடுக்கிறது. ஈட்டல் சிறுகச் சிறுகத்தான் நடக்கிறது. உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்விலும், பெற்றோர் பேச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே மிகுதியாக வரும் ‘எ’, ‘தி’ என்ற சிறுசொற்கள் இரண்டும் குழந்தைகளுக்கு முதலில் வரவில்லை. செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் ‘இங்’ விகுதி அவற்றை முந்திக்கொண்டது.

எனவே கலைச்சொல்லாக ஈட்டலையே பரிந்துரைக்கிறோம்: முதன்மொழி ஈட்டல், இரண்டாம்மொழி ஈட்டல், ஈட்டல் வரிசை. செய்தி, விளம்பரம் போன்ற ஊடகப் பனுவல்களை மொழிபெயர்ப்பவர்கள் துறையைப் பார்த்தே சொல்லைத் தேர வேண்டும். வணிகப் பக்கத்து அக்விசிஷனுக்குக் கையகப்படுத்தல் பொருந்தும். அருங்காட்சியகத்துக்குப் புதுச்சேர்க்கை என்று எழுதலாம்.

ஓடும் உரைநடையில் ‘குழந்தை பன்மையை ஈட்டுகிறது’ என்று எழுதினால் விறைப்பாக இருக்கும். தமிழில் மொழி ஆளிடம் வரும். ‘உனக்கு ஆங்கிலம் வருமா?’ என்றுதானே கேட்கிறோம். பெற்றோருக்கு எழுதும்போது அந்த வழக்கையே பிடித்துக்கொண்டு, ‘குழந்தைக்குப் பன்மை பிடிபட்டுவிட்டது, விதிவிலக்கு இன்னும் வரவில்லை’ என்று எழுதலாம்.