வங்கி எப்போது கைத்தொழில் ஆனது?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கென நடத்தப்படும் தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளில் கொடுக்கப்படும் தாள்களில் ஒரு தலைப்பு மாறாமல் வந்துகொண்டிருக்கிறது: “கைத்தொழில் மற்றும் தொழில் வாரியான வேலைவாய்ப்புக் கண்ணோட்டம்”. தலைப்பின் கீழ் நெற்செய்கை வருகிறது. அடுத்து மீன்பிடி, அதற்கடுத்து வங்கி, பின்னர் வைத்தியசாலை. வங்கி எப்போது கைத்தொழில் ஆனது என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் மேடையிலிருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

ஆங்கில மூலத்தில் இருப்பவை ‘இன்டஸ்ட்ரி’, ‘ஒக்கியுபேஷன்’ என்னும் இரு சொற்கள். முன்னது ஊக்கம், விடாமுயற்சி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தும், பின்னது பற்றிக்கொள்ளுதல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்தும் வந்தவை. வேர்ப்பொருள் இங்கு நமக்கு அதிகம் உதவாது. வேலைவாய்ப்பைக் கணக்கிடுபவர்கள் அவற்றை எவ்வாறு பிரித்து ஆளுகிறார்கள் என்பதே கேள்வி.

ஒருவர் பணிபுரியும் இடம் என்ன பொருளை ஆக்குகிறது, அல்லது என்ன சேவையை வழங்குகிறது என்பது முதலாவது. அந்த இடத்தில் அவர் தம் கையாலும் அறிவாலும் என்ன செய்கிறார் என்பது இரண்டாவது. சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே பொறியை இயக்குபவர், லொறிச் சாரதி, கணக்காளர், எழுதுவினைஞர் ஆகிய நால்வரும் முதற் கணக்கில் உணவுப் பொருள் தயாரிப்பு என்னும் ஒரே கூட்டில் அடங்குவர். இரண்டாம் கணக்கிலோ பிரிந்துவிடுவர். மறுபுறம், பாசிக்குடா விடுதியொன்றில் சமைப்பவரும் மட்டக்களப்பு வைத்தியசாலையில் சமைப்பவரும் செய்யும் வேலை ஒன்றே. ஆனால் ஒருவர் தங்குமிட, உணவுச் சேவையிலும் மற்றவர் சுகாதாரத்திலும் எண்ணப்படுவர். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. வாழைச்சேனைக் கடதாசி ஆலை முடங்கியபோது அங்கிருந்த சாரதியும் மின்னியலாளரும் வேறோர் இடத்தில் அதே வேலையைத் தேடிக்கொள்ள இயன்றது. கடதாசிக் கூழைப் பதப்படுத்தும் வேலையொன்றை மட்டுமே கற்றவருக்கு இந்த மாவட்டத்தில் வேறு வாசல் இருக்கவில்லை. தேய்ந்தது எது, தேயாதது எது என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இரண்டு கணக்குகள் வைக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே சொல்லின் நிழலில் வைத்துவிட்டால் அந்த அட்டவணையை அச்சிட்ட தாள்தான் வீண்.

இனிக் ‘கைத்தொழில்’. இச்சொல் கையால் செய்யும் தொழிலைக் குறித்தது. மருதமுனையின் கைத்தறி நெசவைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இலங்கையில் அது ஆலைத்தொழிலையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. நாம் பாடசாலையில் படித்தது கைத்தொழிற் புரட்சி. அரசில் இருப்பது கைத்தொழில் அமைச்சு. கை ஓய்ந்து இயந்திரம் வந்த வரலாற்றுக்கே கைத்தொழில் என்று பெயரிட்டது ஒரு வேடிக்கைதான் என்றாலும், பல தலைமுறைகளாக வழங்கிவிட்ட பெயரை இனிமேல் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. ஆலை, சுரங்கம், கட்டுமானம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும்போது அது அங்கேயே இருக்கட்டும்.

சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. சிங்களத்தில் ‘கர்மாந்த’ என்னும் சொல் ஆலைத்தொழிலையும் குறிக்கும், சுற்றுலாவோடும் ஒட்டிக்கொள்ளும். நம் மொழிபெயர்ப்பாளருள் பலர் ஆங்கிலத்திலிருந்து அன்றி, அந்தச் சிங்களப் பிரதியிலிருந்தே தமிழாக்குகின்றனர். ஆதலால் சுற்றுலாக் கைத்தொழில் பிறந்தது. மீன்பிடிக் கைத்தொழில் பிறந்தது. கடலுக்குப் போவதை இந்தக் கரையோரத்தில் ‘தொழிலுக்குப் போதல்’ என்றே சொல்வர். அரசும் கடற்றொழில் என்ற நல்ல சொல்லை ஏற்றுத் தன் அமைச்சுக்கே சூட்டியிருக்கிறது. அப்படியிருக்க, மீன்பிடிக்கு முன்னால் எதற்காக ஒரு கை? இதைவிடப் பெரிய கேடு அட்டவணைக்குள் நிகழ்கிறது. நாட்டின் தொழிற்படைக் கணக்குகள் வேலைவாய்ப்பை விவசாயம், கைத்தொழில், சேவைகள் என மூன்றாக வகுக்கின்றன. மூன்றில் ஒன்றின் பெயரையே மூன்றுக்கும் பொதுப்பெயராகத் தலைப்பில் எழுதினால், “கைத்தொழில் வாரியாக: விவசாயம், கைத்தொழில், சேவைகள்” என்று வாசிக்க நேர்கிறது. பொருளாதார நடவடிக்கைகளை வகுக்க ஐக்கிய நாடுகள் 1948 இல் தொடங்கிய பன்னாட்டு வகைப்பாட்டின் நான்காம் திருத்தத்தில் 21 பிரிவுகள் உள்ளன. அவற்றுள் சுரங்கம், தயாரிப்பு, மின்சாரமும் எரிவாயுவும், நீர் வழங்கல், கட்டுமானம் என்னும் ஐந்து மட்டுமே கைத்தொழில் என்ற பெயரின் கீழ் நிற்கத் தக்கவை. அந்த ஐந்தின் பெயரை விவசாயம், கல்வி, நிதி உள்ளிட்ட மீதிப் பதினாறின் தலையிலும் ஏற்றுகிறோம்.

இதை உணர்ந்த சிலர் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றித் ‘தொழில்துறை’ என்றோ, புணர்ச்சி பேணித் ‘தொழிற்றுறை’ என்றோ எழுதுகின்றனர். இலக்கணம் காப்பாற்றப்பட்டது, பொருள் காப்பாற்றப்படவில்லை. “தொழிற்றுறை வாரியாகவும் தொழில் வாரியாகவும்” என்று வானொலியில் ஒருவர் வாசிக்கும்போது கேட்பவர் காதில் ஒரே சொல் இருமுறை விழுகிறது. தமிழ்நாட்டில் ஒருவரின் தொழில் என்றால் வணிகமாகவும் இருக்கலாம், நம் ஊரில் “தொழில் என்ன?” என்று கேட்டால் ஆசிரியர், மேசன், தாதி என்றே விடை வரும். ஆகவே ‘தொழில்’ இரண்டாம் சொல்லுக்கே உரியது. அதை முதலாவதற்குள்ளும் புகுத்துவது, ஒரே வீட்டு இலக்கத்தை இரண்டு படலைகளில் எழுதுவதற்கு ஒப்பாகும். மேலும், தொழிற்றுறை என்றதும் எவருக்கும் புகைபோக்கிதான் கண்முன் நிற்கும்; பாலர் பாடசாலை நிற்காது.

‘இன்டஸ்ட்ரி’க்கு எனது தேர்வு ‘துறை’. துறை என்பது நீர்நிலையில் இறங்கி ஏறும் இடம். குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்து நின்றவர்களுக்கும் துறைநீலாவணை என்று ஊர்ப்பெயர் எழுதுபவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அகத்திலும் புறத்திலும் திணையின் உட்பிரிவுக்குத் துறை என்று பெயர். ஒன்றை முற்றக் கற்றவரைத் துறைபோகியவர் என்பர். பெரியதொன்றின் வகுக்கப்பட்ட பகுதி என்ற பொருள் அதற்குப் பழையது. கல்வித் துறை, சுகாதாரத் துறை, விவசாயத் துறை என்று மக்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றனர். “துறைவழியும் தொழில்வழியும்” என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டு வேறு கணக்குகள் என்று அறிந்துகொள்ளும்.

தலைப்பில் மீதமுள்ள ‘கண்ணோட்டம்’ பற்றி ஒரு சொல். திருக்குறளில் 58 ஆம் அதிகாரத்தின் பெயர் அது. அங்கே அதன் பொருள் இரக்கம். இக்காலத்தில் பார்வைக்கோணம் என்று ஆகியிருக்கிறது. வேலைவாய்ப்புக்கு இரக்கமும் இல்லை, பார்வைக்கோணமும் இல்லை. “வருங்கால வேலைவாய்ப்பு நிலை” என்று எழுத யாருக்கும் தடையில்லை. 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர் என்று விழா மேடைகளில் பெருமை பேசுகிறோம். விழா முடிந்ததும் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, இடையில் ஒரு ‘மற்றும்’ செருகிக் கோப்பை மூடுகிறோம்.

துறைக்கும் ஒரு தடை உண்டென்பதை மறைப்பதற்கில்லை. அரச துறை, தனியார் துறை என்னும் வழக்கு ஊன்றிவிட்டது. அங்கே துறை குறிப்பது உடைமையை. அரச வைத்தியசாலைத் தாதி அரச துறையிலும் சுகாதாரத் துறையிலும் ஒருசேர நிற்கிறார். இரண்டும் ஒரே அட்டவணையில் வரும்போது முன்னதை ‘அரச பணி’ என்றும், பின்னதை முதல் இடத்தில் மட்டும் ‘பொருளாதாரத் துறை’ என்று விரித்தும் எழுதினால் குழப்பம் பெரும்பாலும் தீரும். விவசாயம், கைத்தொழில், சேவைகள் என்ற மூன்றையும் துறை என்னாமல் ‘பெரும்பிரிவு’ என்பது நன்று. அப்போது கைத்தொழில் தன் இடத்தில், கட்டுமானத்துக்கும் அரிசி ஆலைக்கும் மேலே, பொருத்தமாக அமர்ந்துகொள்ளும்.