கண்ணாடி அடுப்பில் அண்டாவை ஏற்றாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. சமையலறைக்குள் நுழைந்தால் தரையெல்லாம் கல்லுப்பைக் கொட்டினது போல, கேஸ் அடுப்பின் மேல்தட்டுக் கண்ணாடி. மேடையில் ஒருபக்கமாகச் சரிந்த அலுமினிய அண்டா. துடைப்பத்தோடு, காலில் செருப்புகூட இல்லாமல் நிற்கும் ஓர் அக்கா. பேரனுக்குக் காதுகுத்து, 30 பேருக்குச் சாம்பார். இரண்டு பர்னரையும் மூடும்படி அண்டாவை ஏற்றி, இரண்டையும் முழுத் தீயில் வைத்திருக்கிறார்.

"டஃபன்ட் கிளாஸ், உடையவே உடையாதுன்னு சொல்லித்தானே தம்பி வித்தாங்க?"

அடுப்பு பழுது பார்க்கப் போகும் இடங்களில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். கேட்கும்போதெல்லாம் பொத்துக்கொண்டு வருகிறது. டஃபன்ட் கிளாஸ் சாதாரணக் கண்ணாடியைவிட பலமானது, சரி. உடையாது என்று யார் சொன்னது? உடைந்தால் கத்தி கத்தியாக உடையாமல் பொடிப்பொடியாக உதிரும், அவ்வளவுதான். கார் ஜன்னல் கண்ணாடியும் இதே சாதி. சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்துச் செய்வார்கள். அதனால் மேல்தோல் இறுகியிருக்கும், உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தாலோ, ஒரே இடம் அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும். அன்றைக்கே உடையும் என்றும் இல்லை. தீபாவளிக்கு இடுக்கி விழுந்து பெயர்ந்த சில்லு பொங்கலுக்கு வேலையைக் காட்டும். கேட்டால், "அடுப்பு அணைஞ்சுதான் கெடந்துச்சு, தானா வெடிச்சிருச்சு" என்பார்கள்.

இன்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்துப் பழகியவர்களோடு இன்னொரு ரோதனை. அதில் இருப்பது சூடு தாங்கவென்றே செய்த வேறு வகைக் கண்ணாடி. அந்த நினைப்பில் கேஸ் அடுப்பிலும் கொதிக்கிற குக்கரை இறக்கிக் கண்ணாடி மேலேயே வைக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் ஒரு பிரிமணை போட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அண்டா விஷயம் இதுதான்: அகலப் பாத்திரம் மேலே அடைத்துக்கொண்டால் அனல் கண்ணாடிப் பக்கம் திரும்பும். தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு உருகி வழிந்த அடுப்புகள் என் கடையில் கிடக்கின்றன, வந்து பாருங்கள். ஒரு பர்னருக்கு ஒரு பாத்திரம், அதுவும் பக்கத்து பர்னர் மேல் நீளாததாக. கூட்டம் அதிகமென்றால் இரண்டு தடவையாக வையுங்கள். இல்லையா, பாத்திர வாடகைக் கடையில் இரும்பு அடுப்பு எடுத்து வாசலில் வைத்துச் சமையுங்கள்.

அதற்காக டீ போடும் சின்னப் போசியைப் பெரிய பர்னரில் வைக்காதீர்கள். தீ அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறினால் பால் பொங்குவதற்குள் கைப்பிடி கருகிவிடும். சின்ன பர்னர் எதற்கு இருக்கிறது? உருண்டை அடி வடச்சட்டி ஆடுகிறது என்று பர்னரைச் சுற்றி முழு வளையம் போடுவதும் வேண்டாம். காற்று போகாமல் தீ மஞ்சளாகி, சட்டி கரியேறும். அப்புறம் "சிலிண்டர்ல தண்ணி கலக்கறாங்க" என்று டெலிவரி தம்பியைத் திட்டுவீர்கள்.

நான்ஸ்டிக் தவாவை வெறுமனே முழுத் தீயில் காய வைக்காதீர்கள். 260 டிகிரிக்கு மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும், வெறும் தவா சில நிமிடங்களில் அதைத் தாண்டிவிடும். லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகளில் இன்னும் கவனம். அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். இரும்புக்கல் இருக்க தோசைக்கு இதெல்லாம் எதற்கு என்பது என் கட்சி.

கண்ணாடி உடைந்தால் முதலில் திருகை மூடுங்கள், அடுத்து ரெகுலேட்டரை. செருப்பு போட்ட பிறகுதான் துடைப்பம். கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழையுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அக்கா, "பாதி மூடித்தான் இருந்துச்சு தம்பி, மேலாப்பல சாம்பாரை மட்டும் எடுத்துக்கலாமா?" என்றார். கரண்டியை விட்டு ஒரு சுற்று கலக்கினேன். அடியில் நறநறவென்றது. கொட்டச் சொன்னேன்.